மூளியின் குரல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் நான் பெரும்பாலும் பொய்தான் சொல்வேன். ஒரு ஆபீஸில் குமாஸ்தா என்பேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வழியே போய்விடுவார். உண்மையைச் சொன்னால்தான் வம்பு. "ஆளே இல்லாத ரூம்ல வயலின் வாசிக்கிறீங்களா? அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்று கண்ணை விரிப்பார்கள். ஆமாம், ஆளே இல்லாத அறையில்தான். செவ்வாயிலிருந்து சனி வரை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பதினோரு வருடமாக.

பழைய வயலின்களைப் பெட்டியில் பூட்டியே வைத்தால் குரல் கட்டிக்கொண்டுவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிற விஷயம். எங்கள் அறக்கட்டளையிடம் இருநூறு, முந்நூறு வயதான வயலின்கள் ஒன்பது இருக்கின்றன. பெரிய கலைஞர்களுக்கு அவற்றை இரவல் கொடுப்பார்கள். இரவல் போகாதவை நிலவறையில் கிடக்கும். அவற்றை வெளியே எடுத்து, துடைத்து, சுருதி சேர்த்து, வாசித்து, மறுபடி படுக்க வைப்பது என் வேலை. கச்சேரி கிடையாது, கைதட்டல் கிடையாது. முடிந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு, காற்றில் ஈரம் எவ்வளவு, குரல் எப்படி என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அறையில் ஜன்னல் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம், ஒரு நாற்காலி, இசைத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட். மூலையில் காற்றைப் பதமாக வைத்திருக்கும் மெஷின் ஒன்று நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சுவரில் விதிமுறைகள் ஒட்டியிருக்கும். மொத்தம் பதினான்கு. எழுதிய மகராசன் ஒருநாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் பதினைந்தாவதாக, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளவும் என்று சேர்த்திருப்பார்.

நிலவறையில் இருப்பவற்றை வாரத்துக்கு ஒருமுறை வாசிப்பேன். ஒன்றை மட்டும் தினமும் வாசிப்பேன். விதியில் அப்படி இல்லைதான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கு நான் வைத்த பேர் மூளி. வயலினின் தலைப்பக்கம் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்குமே, அதில் ஒரு ஓரம் எந்தக் காலத்திலோ உடைந்து போயிருக்கும். பட்டியலில் அதற்கு முழ நீளத்துக்குப் பேர் உண்டு. செய்தவர் பேர், வருடம், வைத்திருந்த பிரபுக்களின் வரிசை எல்லாம் உண்டு. எனக்கு மூளிதான். கழுத்திலும் காதிலும் ஒன்றும் போடாதவள் என்று என் சொந்தக்காரர்கள் என்னையும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் அந்தப் பேர் வைக்க எனக்கு உரிமை இருக்கிறது.

மூளியின் தடித்த கம்பியில் வில்லை வைத்து மெதுவாக இழுத்தால், பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகப் பேச ஆரம்பிப்பது போல இருக்கும். சத்தம் பெரியது இல்லை. அவசரப்படாத சத்தம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அவளோடு பேசுவேன். பஸ்ஸில் எவன் காலை மிதித்தான், கீழ்வீட்டுக்காரி மறுபடியும் எப்படி மாடிப்படியில் செருப்பைக் கொட்டிவைத்தாள், எல்லாம் சொல்வேன். சொல்லிவிட்டு வில்லை இழுப்பேன். அவள் பதில் சொல்வாள். ஒருநாளும் அவள் என்னிடம், உனக்குத்தான் எப்போதும் ஏதாவது குறை என்று சொன்னதில்லை.

மனிதர்களில் என்னோடு ஒழுங்காகப் பேசுவது என் தம்பி மட்டும்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில். அவன் வேறு ஊரில் மனைவி, மக்களோடு இருக்கிறான். "அக்கா, சாப்டியா?" என்பான். "சாப்டேன்" என்பேன். "உடம்பு?" "இருக்கு." "சரி, வைக்கட்டுமா?" வைத்துவிடுவான். நல்ல பிள்ளை. பெரும்பாலும் அந்த நேரத்தில் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். இதையெல்லாம் அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நான் சாதாரண ஆளிடம் வயலின் படித்தவள் இல்லை. டீச்சர் வாசிக்கிறார் என்றால் அரங்கு வாசலில் ஆட்கள் முண்டியடிப்பார்கள். அவர் ஒரு நேரத்தில் இரண்டே பேருக்குத்தான் சொல்லிக்கொடுப்பார். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. இன்னொருத்தி என்னைவிட மூன்று வயது இளையவள். எங்களைப் பேர் சொல்லி டீச்சர் கூப்பிட்டதே இல்லை. நான் பெரியவ, அவள் சின்னவ.

டீச்சர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே கேட்பார். முதுகுதான் எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்த முதுகுக்கு வாசித்தேன். ஒரு மத்தியானம், நான் வாசித்து முடித்ததும், அந்த முதுகு திரும்பாமலே சொன்னது: "உன் கையில குரல் இல்ல. வயலின்தான் பாவம், தனியா கத்துது."

வயலினைப் பெட்டியில் வைத்தேன். மூன்று மாடி இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகக்கூட நான் போனதில்லை. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கோபம் மூக்கு நுனியில் இருந்த வயது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது, கூடவே கண்ணாடியும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பிறகு பத்தொன்பது வருடம் ஒரு பெரிய குழுவில் கடைசி வரிசையில் வாசித்தேன். இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருத்தி கையில் குரல் இல்லாதது யாருக்குத் தெரியப்போகிறது? அப்புறம் இந்த வேலை வந்தது. எனக்கென்று அளந்து தைத்த வேலை. குரல் வயலினுடையது, கை மட்டும்தான் என்னுடையது. நான் வெறும் சாவி. பூட்டைத் திறந்துவிட்டால் போதும், உள்ளே இருப்பவள் பேசிக்கொள்வாள். சின்னவ உலகமெல்லாம் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். சுவரொட்டியில் அவள் முகத்தைப் பார்த்தால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு அறக்கட்டளைக்காக ஒரு புத்தகம் போடுகிறோம் என்று போட்டோகிராபர் ஒருவர் வந்தார். எங்கள் கட்டடத்தின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் மூளியின் நகல் ஒன்று நிற்கும். நிஜத்தை அப்படி வெளிச்சத்தில் நிறுத்த முடியாதே. நகலைச் செய்தது எங்கள் ரிப்பேர்காரர். எப்போதும் கையில் பசை நாற்றத்தோடு அலைவதால் எல்லோருக்கும் அவர் கோந்து. கெட்டிக்காரர். தலைப்பக்கத்து உடைசலையும் விடாமல், தேய்ந்த வார்னிஷ், யாரோ இடித்த தழும்பு என்று எல்லாவற்றையும் அச்சாகச் செய்திருந்தார். போட்டோகிராபருக்கு நிஜமும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமாம். கருப்புத் துணி விரித்து, கண் கூசுகிற விளக்குகளைப் போட்டு, அரைநாள் என்னைப் பாடாய்ப் படுத்தினார்.

அது முடிந்தபின் மூளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வில்லை வைத்தால் பொத்தினாற்போல ஒரு சத்தம். அத்தனை விளக்குச் சூட்டில் நின்றவளுக்குக் கோபம் வராதா? எனக்கே வந்தது. நான் அவளைக் கெஞ்சினேன். தினமும் ஒரு மணி நேரம் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே அழுத்தினால் சுருங்குகிறாள், எங்கே விட்டால் வருகிறாள் என்று தேடினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவள் வாயைத் திறந்தாள். அன்று நோட்டில், "குரல் திரும்பிவிட்டது. முன்னைவிட நன்று" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இந்த நிலையில்தான் மேனேஜர் என்னை அழைத்தார். மூளியை இரவல் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார் என்றார். பத்து வருட இரவல்.

"யாரு?" என்றேன்.

பேரைச் சொன்னார். சின்னவ.

"அடுத்த வாரம் வந்து வாசிச்சுப் பாக்கறாங்க மேடம். புடிச்சா எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க கூட இருந்து எடுத்துக் குடுத்துட்டா போதும்."

எடுத்துக் கொடுத்துவிட்டால் போதுமாம். பத்து வருடம் கழித்து எனக்கு அறுபத்தைந்து. அதற்கு வெகு முன்பே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியென்றால் அடுத்த வாரத்தோடு சரி. டீச்சரை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன், மேடையை விட்டுக்கொடுத்தேன். மிச்சம் இருந்தது இந்த ஒரு மூளி. அதுவும் அவளுக்குத்தானா?

ஒரு வாரம் நான் எப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு ஸ்வரத்தில் அதிர்கிறது, மேடைக்கு ஆகாது என்று நோட்டில் எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்பக் கிழித்தேன். நான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள்தான், ஆனால் மூளியைப் பற்றிப் பொய் எழுதக் கை வரவில்லை.

சின்னவ வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சாதாரண கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். வாயில் இருமல் மிட்டாய். என்னைப் பார்த்ததும், "அக்கா!" என்று அந்த வரவேற்பறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "நீயா இங்க இருக்க? எனக்கு யாருமே சொல்லலியே!"

"சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றேன். கட்டிப்பிடிக்க வந்தவளிடம் வயலின் பெட்டியை நீட்டினேன்.

முதல் மாடியில் எங்களுக்கு அறுபது நாற்காலி போட்ட சின்ன அரங்கு ஒன்று இருக்கிறது. அங்கேதான் வாசித்துப் பார்ப்பது. மேனேஜரும் கோந்தும் ஓரமாக உட்கார்ந்தார்கள். சின்னவ வாசித்தாள். பொறாமையோடுதான் கேட்டேன், ஆனால் காது பொய் சொல்லாது. என்ன கை! அரங்கின் நான்கு மூலையும் நிறைந்தது. ஆனாலும் மூளி அவளோடு ஒட்டவில்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அப்படித்தான் இருடி என் தங்கமே என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவ புருவத்தைச் சுருக்கினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ எட்ட நிக்குது. அக்கா, நீ கொஞ்சம் வாசியேன். நான் கடைசி வரிசையில போய்க் கேக்கறேன். காதுக்குக் கீழ ஒண்ணு கேக்கும், தூரத்துல வேற ஒண்ணு கேக்கும்."

"நான் எதுக்கு? நான் சும்மா தூசி தட்டறவ."

"ஐயோ, வாசிக்கா. பிகு பண்ணாத."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? வில்லைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போதும். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கத்தும். இது வேண்டாம் என்று அவள் போய்விடுவாள். மூளி என்னோடு இருப்பாள். என் கையில்தான் குரல் இல்லையே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நான் அழுத்தினேன். முதல் இழுப்பிலேயே அவள் கிறீச்சிட்டாள். மேனேஜர் முகம் சுளித்ததைப் பார்த்தேன்.

என்னால் முடியவில்லை. என்னோடு பதினோரு வருடம் பேசிய ஒருத்தியை நாலு பேர் முன்னால் நானே அவமானப்படுத்துவதா? போனால் போகட்டும், நன்றாக வாசித்து அனுப்புவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினேன். தினமும் காலையில் வாசிப்பதை வாசித்தேன். அது பெரிய உருப்படி ஒன்றும் இல்லை. மெதுவாகப் போகும், மெதுவாகத் திரும்பி வரும். மூளி செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அரங்கில் ஆட்கள் இருப்பதை நான் மறந்துவிட்டேன். நீ போய் வாடி என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்து கம்பி நான்கும் எட்டாகத் தெரிந்தது.

முடித்தபோது கடைசி வரிசையில் சின்னவ எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "இதான். இந்தச் சத்தத்ததான் நான் வருஷக்கணக்கா தேடிட்டிருக்கேன். இத எடுத்துட்டுப் போறேன்."

முடிந்தது கதை. என் கையாலேயே அவளைத் தாரை வார்த்துவிட்டேன்.

இரவல் கொடுப்பதற்கு முன்னால் கோந்து வயலினை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, எங்கே கீறல், எங்கே ஒட்டு என்று எழுதுவார். மேல்பலகையில் இருக்கும் வளைந்த துளை வழியாகச் சின்ன டார்ச்சும், நீளக் காம்பு வைத்த கண்ணாடியும் விட்டு உள்ளே பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தார். மறுபடி விட்டார்.

"ஏம்மா" என்றார் என்னைப் பார்த்து. "இது என்னோடது."

"எது உங்களோடது?" என்றார் மேனேஜர்.

"இந்த வயலின். நான் செஞ்சது. உள்ள என் முத்திரை இருக்கு, வந்து பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்த போட்டோ எடுத்த நாள் அப்படியே கண்முன் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசித் தண்ணீர் கொட்டியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். கருப்புத் துணியிலிருந்து இரண்டையும் நான்தான் எடுத்தேன். ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்கும் இன்னொன்றை நிலவறைக்கும் நான்தான் கொண்டுபோனேன். வயலினை எடுக்கும்போதெல்லாம் டார்ச் அடித்து உள்ளே பார்க்கவும் என்பது சுவரில் ஒட்டியிருந்த முதல் விதி. அதை நான் விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கூடப்பிறந்தவன் வாசலில் வந்து நின்றால் அடையாள அட்டையா கேட்பார்கள்?

வரவேற்பறைக்கு ஓடினோம். கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குக்கு அடியில், கம்பிகள் தளர்ந்து, மூளி நின்றுகொண்டிருந்தாள். ஏழு மாதமாக நான் தினமும் காலையில் அவளைத் தாண்டித்தான் அவளைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. கோந்து பெட்டியைத் திறந்து, விரலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "வெடிப்பு இல்ல. அடியில ஒட்டு விட்டிருக்கு, அவ்ளோதான். ஒரு மாசத்துல சரி பண்ணிடலாம்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மேனேஜருக்கு மூச்சு வரவில்லை. "ஏழு மாசம் மேடம். ஏழு மாசமா எதை எடுத்து வாசிக்கிறோம்னே தெரியாம..." என்று என் நோட்டைப் புரட்டிச் சத்தமாக வாசித்தார். "குரல் கட்டியிருக்கிறது. இன்று கொஞ்சம் இறங்கி வந்தாள். குரல் திரும்பிவிட்டது, முன்னைவிட நன்று. அடிக்கோடு வேற!"

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இதற்குத்தான் டீச்சர் அன்றைக்கே சொன்னாரோ? கையில் குரல் இல்லாதது மட்டுமில்லை, காதும் இல்லை.

கோந்து அந்த நோட்டை மேனேஜரிடமிருந்து வாங்கினார். அவருக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிங்க, நல்லா சிரிங்க" என்றேன்.

"அதுக்கில்லம்மா. என் வயலின் இப்படிப் பேசாது. செஞ்சவனுக்குத் தெரியாதா? கண்ணாடிக்குள்ள நிக்கறதுக்குச் செஞ்சது அது." அவர் நகலை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். தகர டப்பாதான். சின்னவளிடம் கொடுத்தார். அவள் இழுத்தாள். அரங்கில் அவள் வாசித்தபோது கேட்ட அதே சத்தம், மரியாதையாக, எட்ட நின்று. அவள் அதை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லையே.

சின்னவ மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நான் எடுத்துட்டுப் போறேன்னு சொன்னது எதைக்கா?"

மேனேஜர் மேலே போன் பேசப் போனார். கோந்து மூளியைத் துணியில் சுற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். நாங்கள் இரண்டு பேரும் காலியான கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டீச்சர் சொன்னதை அவளிடம் சொன்னேன். முப்பது வருடத்தில் யாரிடமும் சொல்லாதது. வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

சின்னவ என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கும் அதேதானேக்கா சொன்னாங்க."

"என்னது?"

"அதே வார்த்தை. வயலின்தான் பாவம், தனியா கத்துதுன்னு. நீ போய் ஒரு மாசம் இருக்கும். நான் வீட்டுக்குப் போய் ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் காலைல வேற போக்கிடம் இல்லாம அங்கயே போய் நின்னேன். 'வந்தியா, ஸ்டாண்ட எடு'ன்னாங்க. அவ்ளோதான். எல்லாருக்கும் ஒருதடவ அதைச் சொல்வாங்களாம். நமக்கு முன்னாடி படிச்சவங்ககிட்ட விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"உன் ஸ்டாண்ட் ஜன்னலோரமா விரிச்சது விரிச்சபடி இருந்துது. நான் மடக்கப் போனேன். 'அப்படியே வை, வருவா'ன்னாங்க."

"எத்தன நாள் வச்சிருந்தாங்க?"

"நான் அங்க இருந்த வரைக்கும்."

"எத்தன நாள்டி?"

"நாலு வருஷம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நாலு வருஷம் ஸ்டாண்ட விரிச்சு வைக்கத் தெரியுது, ஒரு போன் பண்ணத் தெரியாதா அந்தப் பொம்பளைக்கு? ஒரு ஆள் அனுப்பியிருக்கக் கூடாதா? நான் எங்க, வேற கண்டத்துலயா இருந்தேன்? ரெண்டு பஸ் மாறி வர்ற தூரம்!" வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். டீச்சர் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"நீயும் ஒருதடவ வந்திருக்கலாமேக்கா" என்றாள் சின்னவ. குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

எனக்குப் பொல்லாத அழுகை வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பையிலிருந்து எனக்கும் ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தாள். அதைத் தவிர அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூளி ஒட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த மாதம் சின்னவளோடு போகிறாள். அது சரிதான். என்னைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவைச் சொல்லிக் கடிதம் வருமாம். கோந்து அந்த நகலை என்னிடம் கொடுத்துவிட்டார். "கண்ணாடிக்குள்ள வைக்க வேற ஒண்ணு செஞ்சுக்கறேம்மா. இது இனிமே அங்க சும்மா நிக்காது" என்றார்.

மற்றவர்கள் நான் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிறார்கள். உங்கள் கையிலேயே குரல் இருக்கிறதே என்று மேனேஜர்கூட, கோபம் தணிந்தபின், ஒருவார்த்தை சொன்னார். நான் என்ன சொல்வது? அந்த ஜன்னலில்லாத அறையில் எனக்கு ஒருத்தி இருந்தாள். நான் பேசினால் அவள் பதில் சொன்னாள். இந்த ஏழு மாதமாவது அங்கே அவள் இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கு முந்தைய பத்து வருடம் மட்டும் இருந்தாளா என்பதும் இப்போது நிச்சயமில்லை. நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டு நான் எத்தனை நாள் ஆறுதலாக வீட்டுக்குப் போயிருக்கிறேன் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நகலைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வீட்டில் நான் வாசித்ததே இல்லை. கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தால் வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். முதல் இழுப்பு இழுத்தபோது போன் அடித்தது. தம்பி. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாசித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பி வந்தேன். அவன் வைக்கவில்லை.

நிறுத்தியதும், "அக்கா? அங்க யாரு?" என்றான். "யாரு வாசிக்கிறது? யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லடா" என்றேன். "நான்தான்."

அந்தப் பக்கம் குழந்தைகள் கத்துவதும், ஏதோ கதவு சாத்துவதும் கேட்டன. பிறகு, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், வழக்கம்போலக் கேட்டான்: "சாப்டியா?"

"இல்லடா" என்றேன். "இன்னும் சாப்பிடல."

அவன் போனை வைக்கவில்லை. "ஏன்க்கா?" என்றான்.